காலை 8.30க்கு மழை அளப்போம்: வீட்டில் பாடம் தொடங்கும் தாய்மார்களுக்கு ஒரு செய்முறை

மன்னார்குடிக்கும் வடுவூருக்கும் இடைப்பட்ட ஊர் எங்களுடையது. ஐப்பசி பிறந்துவிட்டால் இங்கே எல்லாமே ஈரம்தான். குறுவை அறுத்த வயலில் தாளடி நடவு நடக்கும். முன்பே நட்ட சம்பா பச்சை பிடித்து நிற்கும். கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. ஒன்பது வயது மகளையும் ஆறு வயது மகனையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். எங்களுக்குப் படிப்பாண்டு இந்த மழையோடுதான் தொடங்குகிறது. விஜயதசமியன்று பரப்பிய நெல்லில் எழுதுவோம். அடுத்த வேலை மழைமானி செய்வது.

முதல் ஆண்டு பள்ளிக்கூட அட்டவணையை அப்படியே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஏழு பாடவேளைகள். நான்காம் நாள் கழற்றிவிட்டேன். உலை பொங்கும் நேரத்தில் இலக்கணம் நடக்காது. மாடு கத்தும் நேரத்தில் வகுத்தல் ஓடாது. வீட்டு நாளுக்கு அசையாத வேளை ஒன்று இருந்தால் போதும், மற்றவை அதைச் சுற்றி அமைந்துகொள்ளும் என்று அப்போது புரிந்தது. எங்கள் வீட்டில் அந்த வேளை காலை 8.30. இந்திய வானிலை ஆய்வுத் துறை முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கும் நேரமும் அதுவே. எங்கள் பள்ளி மணி அதுதான்.

படி 1: மழைமானி செய்யுங்கள்

இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கங்கள் நேராக இருக்க வேண்டும். இடுப்பு ஒடுங்கிய பாட்டில் பொய் சொல்லும். கழுத்துப் பகுதி விரியத் தொடங்கி முழு அகலம் அடையும் இடத்தில் வட்டமாக வெட்டுங்கள். வெட்டுவது பெரியவர்கள் வேலை. மூடியைக் கழற்றிவிட்டு, வெட்டிய மேல்பகுதியைக் கவிழ்த்து, புனல்போல உள்ளே பொருத்தி ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். தண்ணீர் ஆவியாவதையும் இலை தழை விழுவதையும் இந்தப் புனல் குறைக்கும்.

பாட்டிலின் அடிப்பகுதி மேடு பள்ளமாக இருக்கும். அங்கிருந்து அளந்தால் கணக்கு தப்பும். ஆகவே அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அதுதான் சுழியம். அந்தக் கோட்டிலிருந்து மேல்நோக்கி மில்லிமீட்டர் குறித்த காகிதப் பட்டையை ஒட்டி, அதன்மேல் கண்ணாடி ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுங்கள். மழையை ஏந்தும் வாயும் நீர் நிற்கும் உடலும் ஒரே அகலம் என்பதால், கோட்டுக்கு மேல் 10 மி.மீ நீர் நின்றால் பெய்த மழையும் 10 மி.மீ.

படி 2: இடம் பாருங்கள்

எங்கள் முதல் மழைமானியை முருங்கை மரத்தடியில் வைத்தோம். தூறலுக்கு ஒன்றுமே சேராது. மழை விட்ட பிறகும் இலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். கூரை, மரம் இவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி, திறந்தவெளியில் வையுங்கள். தரையில் தெறிக்கும் நீர் உள்ளே விழாதபடி ஓரடி உயரத்தில் இருக்கட்டும். நாங்கள் நான்கு செங்கற்களை அடுக்கி நடுவில் செருகியிருக்கிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் உள்ளே எடுத்துவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளையே சாய்த்த பகுதி இது.

படி 3: நோட்டு எழுதுங்கள்

தேதி, மழை, காற்று, கண்டது என்று நான்கு கட்டம். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தால் அளவு மாறும். படித்ததும் நீரைக் கொட்டி, சுழியக் கோடுவரை மீண்டும் நிரப்ப வேண்டும். மழையில்லாத நாளிலும் கோட்டைச் சரிபாருங்கள், வெயிலில் இறங்கியிருக்கும்.

மழை பெய்யாத நாளில் என்ன எழுதுவது? என் மகன் கட்டத்தைக் காலியாக விட்டான். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. காலிக் கட்டம் என்றால் நாம் பார்க்கவில்லை என்று பொருள். 0 என்றால் போய்ப் பார்த்தோம், மழை இல்லை என்று பொருள். சுழியம் என்றால் என்னவென்று அவனுக்கு எந்தப் பயிற்சி நூலும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

காற்றுக் கட்டத்துக்கு ஒரு குச்சியில் துணி நாடா கட்டி நடுங்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. திசையும் தமிழும் ஒன்றாகவே மனத்தில் பதிகின்றன.

படி 4: கணக்கை வயலுக்குக் கொண்டு போங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர். நம் பக்கத்தில் மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஒரு மா என்பது சுமார் 1,350 சதுர மீட்டர். 10 மி.மீ பெய்தால் ஒரு மா நிலத்தில் விழுந்தது 13,500 லிட்டர். மகள் இதைப் பெருக்கிப் பார்த்துவிட்டு, மேட்டூரிலிருந்து வர வேண்டிய தண்ணீரில் இவ்வளவு மிச்சமா என்று கேட்டாள். அன்று மேட்டூர் அணை, கல்லணை, வெண்ணாறு என்று வரைபடத்தில் விரலோட்டியே பொழுது போனது. 120 அடி என்ற அணையின் முழு நீர்மட்டம் அவளுக்குத் தானாக நினைவில் நின்றது.

சின்னப் பிள்ளைகளுக்கு மொட்டைமாடி போதும். 20 அடிக்கு 30 அடி மாடி சுமார் 56 சதுர மீட்டர், 10 மி.மீ மழையில் 560 லிட்டர். எத்தனை குடம் என்று எண்ணட்டும்.

செய்தியில் வரும் சொற்களையும் நோட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு நாளில் 64.5 மி.மீ முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. கனமழை நாளில் பாட்டில் நிரம்பி வழியலாம். நடுவிலேயே அளந்து கொட்டி, பிறகு கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 5: அடைமழை நாள்

மின்சாரம் போகும். விளக்கும் தீப்பெட்டியும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். நோட்டு எழுதிய பிறகு ஒன்றரை மணி நேரம் வாசிப்பு, எழுத்து, கணக்கு, அதுவே போதும். சமையலறையில் நான் வேலை செய்ய, அவர்கள் அருகில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார்கள். தமிழ்நாடு அரசின் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நாங்கள் அவற்றையே முதுகெலும்பாக வைத்திருக்கிறோம்.

ஓர் ஆங்கிலப் படநூலில் சிவந்த இலைகள் உதிர்வதைப் பார்த்த மகன், நம் வீட்டுப் புங்கை ஏன் சிவக்கவில்லை என்றான். குளிர்நாட்டு மரங்கள் உறைபனிக்கு முன் இலையை உதிர்த்துவிடுகின்றன, நமக்கு அந்தக் குளிர் இல்லை என்றேன். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர் காலம்.

படி 6: மழை விட்டதும் வெளியே

வரப்பில் நண்டு வளை, நத்தை, விளக்கைச் சுற்றி விழுந்த ஈசல் இறகு எல்லாம் ‘கண்டது’ கட்டத்துக்கு. பறவைகள் வரத் தொடங்கியதும் வடுவூர் ஏரிக்குப் போவோம். ஒரு முறையாவது கோடியக்கரைக்கும். ஒரே ஒரு கண்டிப்பு: ஆறும் வாய்க்காலும் கரை முட்ட ஓடும் காலத்தில் பெரியவர் கையைப் பிடிக்காமல் படித்துறையில் கால் வைக்கக் கூடாது. அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் திரும்பி ஓடிவர வேண்டும்.

தேர்வு என்ன ஆகும் என்று உறவினர்கள் கேட்பார்கள். 14 வயது நிறைந்ததும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அதைச் சொல்லிவிட்டு, மழை நோட்டைக் கையில் கொடுங்கள். என் மாமனார் இப்போது 8.30க்கு எங்களுக்கு முன்பே செங்கல் அருகில் நிற்கிறார்.

ஐப்பசி கடைசி நாள், மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் கடைமுகம் என்னும் காவிரி நீராடல் நடக்கும் நாள், மாத மழையைக் கூட்டுங்கள். 2.5 மி.மீ அல்லது அதற்கு மேல் பெய்த நாட்களை மட்டும் மழைநாள் என்று எண்ணி வட்டமிடுங்கள். மறுநாள், முடவன் முழுக்கு அன்று, கார்த்திகைக்குப் புதிய பக்கம்.