முப்பது நாள் வீகன்: எதை விடுவது என்பதைவிட எதைச் சாப்பிடுவது

முதல் முறை முயன்றபோது ஒன்பதாவது நாள் விட்டுவிட்டேன். காரணம் பசி, வேறொன்றுமில்லை. என்னென்ன சாப்பிடக்கூடாது என்று ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். அதற்குப் பதில் என்ன சாப்பிடுவது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. காலையில் பழம், மதியம் காய்கறி சாலட், ராத்திரி வெறும் சோறும் வேகவைத்த காயும். ஒன்பதாவது நாள் மாலை கை நடுங்கியது. அலமாரியில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து என் மகள் கேட்டாள்: "அம்மா, நான் ஒரு மாசம் வீகனா இருந்து பாக்கப் போறேன். நீயும் என்கூட சேந்துக்கோயேன்?" அவளுக்கு அப்போது பதினேழு வயது. வளரும் பெண், நான் முதல் முறை செய்ததுபோல அரைப் பட்டினி கிடக்கக்கூடாது என்ற கவலையில்தான் இந்த முறை ஒழுங்காகத் திட்டம் போட்டேன். அந்த 30 நாளை இருவரும் முழுதாக முடித்தோம். அதற்குப் பிறகு நான் மட்டும் இன்னும் இரண்டு முறை செய்திருக்கிறேன். அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சைவம் வேறு, வீகன் வேறு. சைவத்தில் பால், தயிர், வெண்ணெய், தேன் எல்லாம் உண்டு. வீகனில் விலங்கிலிருந்து வரும் எதுவும் கிடையாது. 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரோடு இருந்த சிலரும், வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் ஒட்டி இந்தப் பெயரை உண்டாக்கினார்கள். தமிழில் நனிசைவம் என்றும் சொல்கிறோம். உடை, செருப்பு வரை இதைக் கடைப்பிடிப்பவர்கள் உண்டு. நான் பேசுவது சாப்பாட்டைப் பற்றி மட்டும்.

ஏன் 30 நாள்? ஒரு வாரம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம், அதில் எதுவும் தெரியவராது. பருப்பும் நார்ச்சத்தும் கூடும்போது வயிறு பழகவே இரண்டு மூன்று வாரம் ஆகும். 2023இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 22 ஜோடி இரட்டையரை எடுத்துக்கொண்டு, ஜோடியில் ஒருவருக்கு வீகன் உணவும் மற்றவருக்கு இறைச்சியும் சேர்ந்த சத்தான உணவும் 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வீகன் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு கூடுதலாக இறங்கியது; மாற்றத்தின் பெரும்பகுதி முதல் 4 வாரத்திலேயே வந்துவிட்டது. அதனால் ஒரு மாதம் என்பது நியாயமான அளவு என்றே நினைக்கிறேன். முடிந்தால் தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் கொழுப்பு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். உடம்பு லேசாக இருப்பதுபோலத் தோன்றுவது ஒன்று, காகிதத்தில் எண் மாறியிருப்பது இன்னொன்று.

சிலர் மருத்துவரிடம் பேசாமல் தொடங்கவே கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுபிள்ளைகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், முன்பு சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி உடம்பைக் கெடுத்துக்கொண்ட அனுபவம் உள்ளவர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு உணவு மாறினால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் சோயாவை மாத்திரையோடு ஒட்டிச் சாப்பிடாமல் சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நோட்டு வாங்குங்கள். எதையும் மாற்றாமல், வழக்கமாகச் சாப்பிடுவதை ஏழு நாள் அப்படியே எழுதுங்கள். எட்டாவது நாள் சிவப்புப் பேனாவை எடுத்து, விலங்கிலிருந்து வந்தவற்றின் கீழே கோடு போடுங்கள். என் நோட்டில் 38 கோடு விழுந்தது. அதில் 14 காபி, 7 தயிர், 6 ரொட்டிக்குத் தடவிய வெண்ணெய், 5 முட்டை. மீன், கோழி, பிஸ்கட், சாக்லேட் எல்லாம் சேர்த்தே மீதி 6தான். இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு தைரியம் வந்தது. நான் உலகத்து உணவையெல்லாம் மாற்ற வேண்டியதில்லை; காபி, தயிர், வெண்ணெய், முட்டை என்று நாலே நாலு பொருளுக்கு நல்ல மாற்று கண்டுபிடித்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. உங்கள் நோட்டில் வேறு நாலு இருக்கும். அந்த நாலையும் தொடங்கும் முன்பே சமைத்துப் பார்த்து, பிடித்ததா இல்லையா என்று முடிவு செய்துவிடுங்கள்.

காபியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நிறையப் பேர் முதல் நாள் காலையிலேயே மனம் உடைவது இங்கேதான். கொதிக்கக் கொதிக்க இருந்த காபியில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோயா பாலை ஊற்றினேன். கண்ணெதிரே வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மேலே மிதந்தது. பால் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிட்டேன். அது கெடவில்லை. காபியில் இயல்பாகவே புளிப்பு உண்டு. அந்தப் புளிப்பும் சூடும் சேர்ந்து தாக்கும்போது சோயாவின் புரதம் கட்டிக்கொள்கிறது. இப்போது நான் செய்வது: சோயா பாலைத் தனியாக, கொதிக்கவிடாமல், விரல் பொறுக்கும் அளவுக்குச் சூடாக்குவேன். காபியை இரண்டு நிமிஷம் ஆறவிடுவேன். கோப்பையில் முதலில் பால், அதன்மேல் காபியை நூல் மாதிரி மெல்லிசாக ஊற்றிக் கலக்குவேன். திரியாது. நன்றாகக் கருக வறுத்த காபிக்கொட்டையில் புளிப்பு குறைவு, அது இன்னும் உதவும். பாரிஸ்டா என்று போட்டிருக்கும் பாலில் புளிப்பைச் சமன்செய்யும் உப்பு சேர்த்திருப்பார்கள், அதில் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது. ஓட்ஸ் பால் லேசான இனிப்போடு இருக்கும், சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம்.

எல்லாச் செடிப்பாலும் ஒன்றல்ல. 100 மில்லி மாட்டுப்பாலில் புரதம் 3 கிராமுக்குச் சற்று மேல், சோயா பாலிலும் ஏறக்குறைய அதே அளவு. கடையில் வாங்கும் பாதாம் பால், அரிசிப் பால் பெரும்பாலானவற்றில் 1 கிராம்கூடத் தேறாது. கால்சியம் சேர்த்த பாலாகப் பார்த்து வாங்கி, ஊற்றும் முன் டப்பாவை நன்றாகக் குலுக்குங்கள். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும். குலுக்காவிட்டால் கடைசிக் கோப்பை குடிப்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

தயிருக்கு இனிப்பில்லாத சோயா தயிர். வெண்ணெய் இருந்த இடத்தில் வேர்க்கடலையை அரைத்துத் தடவினேன், இன்றுவரை அதுதான். முட்டைக்கு, கடலை மாவும் தண்ணீரும் சம அளவு கலந்து, மஞ்சள், மிளகு, வெங்காயம் போட்டுத் தோசைக்கல்லில் ஆம்லெட் மாதிரி ஊற்றலாம். கந்தக வாசமுள்ள கருப்பு உப்பைக் கடைசியில் ஒரு சிட்டிகை தூவினால் முட்டை வாசமே வந்துவிடும். கேக்குக்கு ஒரு முட்டைக்குப் பதில் ஆளி விதைப் பொடி ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி. கலந்து பத்து நிமிஷம் வைத்தால் கொழகொழவென்று ஆகிவிடும்.

இப்போது பசி. பொதுவாகச் சொல்லும் கணக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். 60 கிலோ எடை என்றால் நாளைக்கு 48 கிராம். ஒரு கோப்பை வெந்த பருப்பில் ஏறத்தாழ 18 கிராம், ஒரு கோப்பை வெந்த கொண்டைக்கடலையில் 14, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு கோப்பை சோயா பாலில் 7. கூட்டிப் பாருங்கள், 46 வந்துவிட்டது. சோறோ ரொட்டியோ மீதியைக் கொடுத்துவிடும். நான் முதல் முறை சாப்பிட்ட சாலட்டில் இந்த நாலில் ஒன்றுகூட இல்லை. எனக்கு இருக்கும் ஒரே கண்டிப்பான விதி இதுதான்: எந்த வேளைத் தட்டிலும் பருப்பு, பயறு, கடலை, சோயா இவற்றில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். தட்டின் அளவும் கொஞ்சம் பெரிதாகும், பயப்பட வேண்டாம். காய்கறியில் தண்ணீரும் நார்ச்சத்தும் அதிகம், கலோரி குறைவு.

வாயுத் தொல்லை வரும். கடலை வகைகளை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மெத்தென்று வேகவையுங்கள். முதல் வாரம் அரைக் கோப்பைக்கு மேல் வேண்டாம்.

பி12 விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் சமரசம் வேண்டாம். நம்பிச் சாப்பிடக்கூடிய அளவில் எந்தச் செடியிலும் அது இல்லை. ஸ்பைருலினா என்ற பாசியில் இருப்பதாகச் சொல்வார்கள்; அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம். கல்லீரல் வருஷக்கணக்கில் சேமித்து வைத்திருப்பதால் ஒரு மாதத்தில் யாருக்கும் திடீரென்று குறைந்துவிடாது. ஆனால் சேமிப்பு ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்தால்? ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நீண்ட நாளாகப் போடுபவர்கள் பலருக்கு அப்படித்தான் இருக்கும். டொனால்ட் வாட்சன் தொடங்கிய வீகன் சொசைட்டி சொல்லும் அளவு, தினமும் 10 மைக்ரோகிராம் மாத்திரை அல்லது வாரத்துக்கு ஒருமுறை 2000 மைக்ரோகிராம். நானும் மகளும் முதல் நாளிலிருந்தே தினமும் போட்டோம். கேப்சூல் வாங்கினால் உறை ஜெலட்டினா என்று பாருங்கள், அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது.

இரும்புச்சத்துக்குப் பருப்பின்மேல் எலுமிச்சை பிழியுங்கள். வைட்டமின் சி அதை உடம்பில் ஏற்றிவிடும். டீயும் காபியும் தடுக்கும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பசலைக் கீரையில் கால்சியம் நிறைய என்று நம்பிவிட வேண்டாம், அதிலுள்ள ஆக்ஸலேட் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். சோயா பாலில் கால்சியம் உப்புப் போட்டு உறையவைத்த டோஃபு, கால்சியம் சேர்த்த செடிப்பால், எள் இவை மேல். அயோடின் சேர்த்த உப்பு, நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடி. அவ்வளவுதான்.

கடைக்குப் போனால் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். கேசீன், வே, லாக்டோஸ், பால் திடப்பொருள் எல்லாம் பால்தான். காபியில் பாலுக்குப் பதில் கலக்கும் பொடியில், பால் இல்லாதது என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும் பின்பக்கம் சோடியம் கேசினேட் இருக்கலாம். இ120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம், இ904 அரக்கு, அதுவும் பூச்சியிலிருந்து வருவதுதான். "பால் கலந்திருக்க வாய்ப்புண்டு" என்ற வரி ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கை, அதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

வீட்டில் எல்லோரையும் இழுக்காதீர்கள். என் கணவர், "எனக்கு முட்டை வேணும், என்னை விட்டுடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒரே குழம்பை வீகனாகச் செய்து, எங்களுக்கு எடுத்து வைத்த பிறகு அவர் பங்கில் அவித்த முட்டையைப் போட்டேன். இரண்டு சமையல் செய்திருந்தால் இரண்டாவது வாரத்தில் நானே ஓய்ந்திருப்பேன். வெளியே சாப்பிடும்போது "வீகன் இருக்கா?" என்று கேட்காமல், "இதுல பால், வெண்ணெய், முட்டை சேக்குறீங்களா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக வரும்.

பத்தொன்பதாவது நாள் மகள் தோழியின் பிறந்தநாளில் கேக் சாப்பிட்டுவிட்டு வந்து அழுதாள். "எல்லாம் வீணாப் போச்சும்மா." நோட்டை எடுத்து அந்த ஒரு துண்டை எழுதச் சொன்னேன். முந்தைய 18 நாளையும் புரட்டிக் காட்டினேன். மறுநாள் காலை இருபதாவது நாளாகவே எண்ணினோம். நீங்களும் முதலிலிருந்து எண்ண வேண்டாம்.

31ஆவது நாளைத்தான் பலர் வீணாக்குகிறார்கள். ஆசை ஆசையாக எல்லாவற்றையும் ஒரே விருந்தில் சாப்பிட்டுவிட்டால், ஒரு மாதம் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு போய்விடும். ஒரு சமயத்தில் ஒரே பொருளைத் திரும்பக் கொண்டுவாருங்கள், மூன்று நாள் அதோடு இருங்கள், வயிறு, தோல், தூக்கம் எப்படி என்று எழுதுங்கள். நான் தயிரில் தொடங்கினேன், ஒன்றும் செய்யவில்லை. நாலாவது நாள் ஒரு டம்ளர் பால் குடித்தேன். ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, இரைச்சல். இத்தனை வருஷமாகக் காலை பத்து மணிக்கு எனக்கு வரும் அந்த உப்புசத்தை வேலைப் பளு என்றே நினைத்திருந்தேன். மருத்துவரிடம் நோட்டைக் காட்டினேன். லாக்டோஸைச் செரிக்கும் நொதி பெரியவர்கள் பலருக்குக் குறைந்துவிடும் என்றும், தயிரில் கிருமிகளே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் தாங்குகிறது என்றும் விளக்கினார்.

முட்டை ஏழாவது நாள் திரும்பியது, மீன் பத்தாவது நாள். மகள் எதையும் திரும்பக் கொண்டுவரவில்லை, அப்படியே தொடர்கிறாள்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கு பி12 பார்க்கிறோம். நான் வாரத்தில் நாலு நாள் வீகன், மற்ற நாளில் தயிரும் மீனும் உண்டு. காபிக்கு மட்டும் தினமும் சோயா பால்தான், முதலில் பால், அதன்மேல் காபி.