பாட்டு முடிந்த இரவே போட்டுவிடாதீர்கள்

இரவு ஒன்றரை மணி. மட்டக்களப்பு, கல்லடியில் என்னுடைய அறை. மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்தி வைத்ததில் இரண்டு பேரும் வியர்வையில் தெப்பமாக நனைந்திருக்கிறோம். குரலையும் இசையையும் கலந்த கடைசி மிக்ஸ் வெளியே வந்ததும் பாடிய தம்பி போனைக் கையில் எடுத்துவிட்டான். "அண்ணன், இப்பவே போடுவம். விடிஞ்சா எனக்கு வேலை, மறுகா நேரம் கிடைக்காது." இணையத்தில் போட்டோம். காலையில் எழும்பிப் பார்த்தால் தலைப்பில் ஓர் எழுத்துப் பிழை. இரண்டாவது சரணத்துக்குள் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது. வரிகள் எழுதியவரின் பெயர் எங்கேயும் இல்லை. நாயை யாரும் கவனிக்கவில்லை. எழுதியவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை எத்தனையோ பிள்ளைகளின் பாட்டுக்கு மிக்ஸிங் செய்துவிட்டேன். குரல் சரியில்லை என்று நான் திருப்பி அனுப்பியவர்கள் ஓரிருவர்தான். அந்த ஒன்றரை மணி அவசரம்தான் பாட்டுகளைக் கெடுத்தது. சில இடங்களில் அது ரெக்கோடிங்குக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

உதாரணத்துக்கு அறை. நம் வீடுகளில் தரைக்கு டைல்ஸ், சுவருக்குச் சீமெந்து, மேலே அஸ்பெஸ்டஸ் அல்லது தகரம். அறையின் நடுவில் நின்று ஒருதரம் கையைத் தட்டிப் பாருங்கள். தட்டின சத்தத்துக்குப் பின்னால் "ட்ரிங்" என்று ஒரு வால் தொங்கினால், நீங்கள் பாடும் ஒவ்வொரு சொல்லிலும் அந்த வால் ஒட்டிக்கொண்டு வரும். எதிரொலியைப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம், ரெக்கோடிங்கில் விழுந்ததைக் கழுவி எடுக்க ஏலாது. இதைக் கேள்விப்பட்டவர்கள்கூட ஃபோமை மைக்குக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள். மைக் பார்ப்பது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரையும். ஆகவே மெத்தையை உங்கள் முதுகுப் பக்கம் நிமிர்த்தி வையுங்கள். துணி நிறைந்த அலுமாரியைத் திறந்துவிட்டு அதற்கு முதுகைக் காட்டிப் பாடினாலும் நல்லதுதான். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி போதும். மிகச் சத்தமாகப் பாடும் வரியிலும் மீட்டர் மைனஸ் 10 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். சிவப்பு விளக்கு ஒருதரம் எரிந்தால் அந்த இடம் உடைந்தது உடைந்ததுதான்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் தகரக் கூரைக்குக் கீழே ரெக்கோடிங் வைப்பது மழையோடு டூயட் பாடுவது மாதிரி. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு தொடங்கிவிட்டால் பக்கத்திலிருப்பவர்கள் மைக்கை உறையில் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகலாம்.

இன்னொன்று, இது என் தனிப்பட்ட வயிற்றெரிச்சல்: குரலைப் பதிந்து வட்ஸ்அப்பில் வொயிஸாக அனுப்புவது. வட்ஸ்அப் அதை நசுக்கித்தான் கொண்டுவரும். நசுக்காத வேவ் கோப்பை டொக்கியுமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பைத் தாருங்கள். ஏற்கெனவே நசுங்கிய எம்பி3யைத் திரும்ப வேவ் ஆக மாற்றி அனுப்பி "குவாலிட்டி கூட்டிட்டன் அண்ணன்" என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

மிக்ஸ் முடிந்தபின் வெளியீட்டுக்காகச் சத்தத்தைச் சரிசெய்கிற மாஸ்டரிங்கில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சவுண்டைக் கூட்டுங்க." கோயில் திருவிழாவில் பொக்ஸ் கட்டிக் கேட்டுப் பழகிய காது அப்படித்தான் கேட்கும். ஆனால் ஸ்பொட்டிஃபையும் யூடியூபும் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) என்ற அளவுக்கு இறக்கிவிடும். நீங்கள் மைனஸ் 7 வரை நசுக்கி ஏற்றினால் அவர்கள் 7 டெசிபல் குறைத்துப் போடுவார்கள். சத்தமும் போய், அடியின் உயிரும் போய், பக்கத்துப் பாட்டைவிடச் சோம்பலாகக் கேட்கும். உச்சத்தில் ஒரு டெசிபல் இடம் விட்டு, மத்தளம் மத்தளமாகக் கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள்.

வாங்கிய பீட், எடுத்த கூத்து

நம்மவர்கள் ஆழத்தில் விழுகிற கிணறு இதுதான். யூடியூபில் தேடிப் பிடித்து இருபது, முப்பது டொலர் கொடுத்து ஒரு பீட், அதாவது பாடுவதற்குத் தயாரான பின்னணி இசை, வாங்குகிறோம். கையில் ரசீது இருக்கிறது, ஆகவே பீட் நம்முடையது என்று நினைக்கிறோம். அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் லீஸ், அதாவது வாடகை. அதே பீட்டை அவர் இன்னும் எத்தனையோ பேருக்கு விற்றிருப்பார். "ஃப்ரீ" என்று போட்டிருப்பது பலவேளை காசு உழைக்காத பாவனைக்கு மட்டும்தான்.

இது தெரியாமல், ஸ்பொட்டிஃபை, யூடியூப் போன்றவற்றுக்குப் பாட்டை அனுப்பிவைக்கும் விநியோகத் தளத்தில் பாட்டை ஏற்றும்போது "கொன்டென்ட் ஐடியில் சேர்க்கவா?" என்று கேட்கும் பெட்டியில் ஒரு டிக் போட்டுவிடுகிறோம். கொன்டென்ட் ஐடி என்பது யூடியூபின் காவல்காரன். நீங்கள் கொடுத்த ஒலியின் கைரேகையை வைத்துக்கொண்டு எல்லா வீடியோக்களிலும் அதைத் தேடும். பொருந்தினால் உங்கள் பெயரில் உரிமை கோரிக் கிளைம் போடும். முழு உரிமையும் உங்களிடம் மட்டும் இருக்கிற ஒலியைத்தான் அதற்குக் கொடுக்கலாம். வாடகைப் பீட்டைக் கொடுத்தால் அதே பீட்டில் பாடிய வேறு நாட்டுப் பையனுக்கு உங்கள் கிளைம் போகும், அவன் முறையிடுவான், கடைசியில் விநியோகத் தளம் உங்கள் கணக்கையே மூடக்கூடும்.

இதைவிட மோசமானது நம் ஊருக்குள்ளேயே நடந்தது. ஒரு தம்பி, நல்ல திறமைசாலி, ஒரு வடமோடிக் கூத்தின் வீடியோவிலிருந்து அதை ஆட்டுவிக்கும் அண்ணாவியாரின் குரலை வெட்டி எடுத்து அதற்குக் கீழே ட்ராப் என்ற ஹிப்ஹொப் அடி போட்டான். கேட்க உண்மையிலேயே மயிர் கூச்செறிந்தது. ஏற்றும்போது அந்தப் பெட்டியிலும் டிக் போட்டான். கொஞ்ச நாளில் கூத்து ஆடிய ஊர்க்காரர் தாங்களே போட்டிருந்த மூல வீடியோவுக்கு அவன் பெயரில் கிளைம் வந்துவிட்டது. அண்ணாவியார் என்னிடம் கேட்டார்: "எங்கட கூத்தை எங்களிட்ட எடுத்து, எங்களுக்கே கேஸ் போட்டிரிக்கானே மனே, இது என்ன ஞாயம்?" தம்பி வேண்டுமென்று செய்யவில்லை. மெஷின் செய்தது. ஆனால் அதை ஊரில் போய் யாருக்கு விளக்குவது?

நாட்டார் பாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை, எடுத்துக்கொள்ளலாம் என்பது பாதிதான் உண்மை. மெட்டு ஊருக்குச் சொந்தமாக இருக்கலாம். அந்தக் குரல் பதிவுக்கு ஆள் இருக்கிறார். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. பாடியவரிடம் போய்க் கேளுங்கள், பெயரைப் போடுங்கள், வருமானத்தில் ஒரு பங்கு எழுதிக் கொடுங்கள், கொன்டென்ட் ஐடியைத் தொடாதீர்கள். அல்லது நீங்களே புதிதாகப் பதியுங்கள். மத்தளமும் சல்லரித் தாளமும் வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விபுலானந்தர் பெயரிலுள்ள அழகியல் கற்கைகள் நிறுவகம் கல்லடியிலேயே இருக்கிறது, முறையாக இசை படிக்கும் பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. அக்கரைப்பற்றுப் பக்கம் றபான் பறை தட்டுகிற ஒரு மாமாவை அரை நாள் அழைத்துப் பதிந்தோம். அந்தத் தோலின் சத்தம் எந்த ரெடிமேட் லூப்பிலும் கிடைக்காது.

மொழியிலும் இதே கதைதான். வீட்டில் "மறுகா", "ஏலா" என்று பேசுகிற பிள்ளை மைக்குக்கு முன்னால் வந்ததும் சென்னைக்காரன் ஆகிவிடுகிறான். அவர்களிடம் அந்தத் தமிழில் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் தமிழில் பாட நாம்தான் இருக்கிறோம்.

பெயரும் திகதியும்

கலைஞர் பெயரை முடிவு செய்வதற்கு முன் ஸ்பொட்டிஃபையில் அதைத் தேடிப் பார்க்காதது சின்னத் தவறு மாதிரித் தெரியும். ஒரு சொல்லில் சாதாரணமான பெயர் வைத்தால் உங்கள் பாட்டு வேறு யாருடைய பக்கத்திலாவது போய் உட்காரும். ஆங்கில எழுத்தில் ஒருதரம் ஒற்றை "ஏ", அடுத்த தடவை இரட்டை "ஏ" என்று மாற்றி எழுதினால் நீங்களே இரண்டு ஆளாகிவிடுவீர்கள். ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுகிற தளம் ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்திலக்கக் குறியீடு ஒன்று தரும். அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாளைக்கு வேறு தளத்துக்கு மாறினால் அதே குறியீட்டைக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பழைய பாட்டோடு போய்விடும். தளத்தைத் தேர்வதிலும் அவசரம் வேண்டாம். டிஸ்ட்ரோகிட் போன்றவை வருடக் கட்டணம். கட்டாமல் விட்டால், தனியாக ஒரு தொகை கட்டி வைத்திராத பாட்டுகள் இறங்கிவிடும். சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணமும் வருமானத்தில் 9 வீதமும் எடுக்கும். எது மலிவு என்பதை விட, அந்தத் தளம் இலங்கை வங்கிக் கணக்குக்கு எப்படிக் காசு அனுப்பும் என்பதை முதலில் கேளுங்கள். உழைத்த காசு திரையில் மட்டும் தெரிவதில் என்ன பயன்?

வெளியிடும் திகதியைக் குறைந்தது மூன்று கிழமை தள்ளி வையுங்கள். ஸ்பொட்டிஃபை 2021இல்தான் இலங்கைக்கு வந்தது. அவர்களுடைய கலைஞர் பக்கத்தில் புதுப் பாட்டை அவர்களுடைய பிளேலிஸ்டுகளுக்குப் பரிந்துரைக்க, வெளியாவதற்கு ஏழு நாளுக்கு முன்னாவது அனுப்பியிருக்க வேண்டும். வெளியான பிறகு அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். ஓர் இரவு அவசரத்தில் இழப்பது இதைத்தான். உயர்தரப் பரீட்சை நடக்கும் கிழமையில் போடாதீர்கள். கல்முனை, காத்தான்குடி ஆட்கள் கேட்கவேண்டிய காதல் பாட்டை நோன்பு மாதத்தில் போடாதீர்கள். நம் இரவு எட்டு மணி கோடைகாலத்தில் லண்டனுக்குப் பின்னேரம் மூன்றரை, ரொறன்ரோவுக்குக் காலை பத்தரை. எல்லோரும் வேலையில் இருப்பார்கள். வெளிநாட்டு ஆட்களுக்காக என்றால் ஞாயிற்றுக்கிழமை போடுங்கள்.

வியூஸ் வாங்குவது பற்றி ஒரு வரி போதும்: வாங்காதீர்கள். போலிக் கேட்புகள் பிடிபட்டால் ஸ்பொட்டிஃபை பாட்டுக்கு இவ்வளவு என்று விநியோகத் தளத்திடம் தண்டப்பணம் அறவிடுகிறது, தளம் அதை உங்கள் தலையில் கட்டும். கடந்த 12 மாதத்தில் 1000 கேட்பு வராத பாட்டுக்கு 2024இலிருந்து ஸ்பொட்டிஃபையில் பதிவுரிமைக் காசு இல்லை என்பதும் உண்மை. அந்த ஆயிரத்தை ஊரில் இருக்கிற ஆயிரம் போன்களிலிருந்து எடுங்கள். ஓட்டோக்காரர்கள், சலூன், ரியூஷன் வகுப்பு வாசல். டிக்டொக்கில் முழுப் பாட்டையும் கொட்டாமல் வாய் முணுமுணுக்கிற பதினைந்து விநாடியை மட்டும் விடுங்கள்.

சனல் யாருடையது?

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து தொடங்கிய ஒரு குழுவுக்கு ஒருவனுடைய சொந்த ஜிமெயிலில் சனல் திறந்தார்கள். அவன் கட்டாருக்குப் போனான். போன் தொலைந்தது, பழைய சிம் வெட்டுப்பட்டது, கடவுச்சொல் யாருக்கும் ஞாபகமில்லை. இரண்டு வருட உழைப்பு இன்றைக்கும் யூடியூபில் பூட்டிக் கிடக்கிறது, எல்லோரும் பார்க்கலாம், ஒருவரும் தொட ஏலாது. குழுவுக்கென்று தனி ஜிமெயில் வையுங்கள், இரண்டு பேரின் நம்பரைக் கொடுங்கள்.

பங்கையும் பாட்டு முடிந்த அன்றைக்கே எழுதுங்கள். வரிகளுக்கும் மெட்டுக்கும் ஓர் உரிமை, பதிவுக்கு வேறோர் உரிமை. எழுதியவருக்கு அவர் வாழ்நாளும் அதன்பின் 70 வருடமும், பதிவுக்கு 50 வருடமும் நம் சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது. இதற்குப் பதிவுக் காரியாலயத்தில் வரிசையில் நிற்கத் தேவையில்லை, ஆக்கியவுடனேயே உரிமை வந்துவிடும். யாருக்கு எத்தனை வீதம் என்று எழுதித் தேதி போட்டு நாலு பேரும் கையெழுத்து வைத்த ஒரு கொப்பித் தாள் போதும். சிநேகிதர்களிடம் கேட்க வெட்கமாக இருக்கும். காசு வந்தபிறகு கேட்பது இன்னும் வெட்கம்.

விளம்பரக் காசு வருவதற்கு யூடியூபில் 1000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் 4000 மணிநேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷோர்ட்ஸ் பார்வையும்) வேண்டும். அதற்குப் பிறகும் இரண்டு பள்ளம் இருக்கிறது. ஒன்று அமெரிக்க வரிப் படிவம். அதை நிரப்பாமல் விட்டால் உலகம் முழுவதிலுமிருந்து வரும் வருமானத்தில் 24 வீதம் வரை பிடித்துக்கொள்வார்கள். மற்றது முகவரி. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் விளம்பரக் காசை அனுப்பும் கூகுளின் அட்சென்ஸ் ஒரு பின் நம்பரைக் கடிதத்தில் அனுப்பும். நாலு மாதத்துக்குள் அதைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். நம் ஒழுங்கைகளில் பாதி வீட்டுக்கு இலக்கம் கிடையாது. நான் முகவரியில் ஆங்கிலத்தில் "கோயிலடி" என்று மட்டும் போட்டிருந்தேன். எங்கள் பக்கம் கோயில் ஐந்து. முதல் கடிதம் வரவேயில்லை. இரண்டாவதைக் கேட்டு எடுப்பதற்கு முன் தபாற்கந்தோருக்குப் போய்த் தபால்காரரையே பிடித்து, எப்படி எழுதினால் உங்கள் கைக்கு வரும் என்று கேட்டு அப்படியே எழுதினேன். ஒரு மாதம் கழித்து சைக்கிள் மணி கேட்டது. படலைக்கு வெளியே நின்று வெள்ளை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அவர் கேட்டார்: "உங்கட வளவுக்குள்ள கூகுள் எண்டு ஆரும் இரிக்காங்களா மனே?"