கோபர் கேஸ் தொட்டி கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோபர் கேஸ், அதாவது சாண வாயு, தொட்டி வேலைக்குப் புதிதாக வரும் பையன்களைப் பார்க்கிறேன். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் சறுக்கிய இடத்திலேயே வந்து சறுக்குகிறார்கள். குழாய்க் கசிவு மாதிரி விஷயங்கள் சோப்பு நுரை தடவினாலே தெரிந்துவிடும், அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

மாட்டுக்கு மீறிய தொட்டி

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். "மாடு எத்தனைங்க அக்கா?" என்று கேட்பார்கள். "நாலுங்க" என்று பதில் வரும். உடனே இரண்டு கன மீட்டர் தொட்டிக்கு, அதாவது தினம் அவ்வளவு வாயு தரும் தொட்டிக்கு, குழி தோண்டச் சொல்லிவிடுவார்கள். ஏட்டில் கணக்கு சரிதான். ஒரு கிலோ சாணிக்கு ஏறக்குறைய 40 லிட்டர் வாயு, இரண்டு கன மீட்டருக்குத் தினம் 50 கிலோ சாணி. கட்டுத்தரையிலேயே நின்று நன்றாகத் தின்னும் மாடு 10 கிலோவுக்கு மேல் போடும். ஆனால் அந்த நாலில் ஒன்று கன்று, இரண்டு பகலெல்லாம் மேய்ச்சலில். மேயப்போன மாட்டின் சாணி காட்டோடு சரி, ராத்திரிச் சாணிதான் வீட்டுக்கு. அதிலும் வாசல் தெளிக்க, எருக்குழிக்கு என்று ஒரு பங்கு போய்விடும். தொட்டிக்கு 20 கிலோ வந்தால் பெரிது.

அப்புறம்? மட்டை அரிசி வேகுமுன்னே சுடர் சுருங்கும். தொட்டி நிறையவில்லையே என்று வீட்டுக்காரர் தண்ணீரை ஊற்றுவார். சாணியும் தண்ணீரும் சரிக்குச் சரி இருக்க வேண்டும். தண்ணீர் கூடினால் கனமானது அடியில் படியும், நார் மேலே ஆடையாகக் கட்டும், வாயு இன்னும் குறையும். கொஞ்ச நாளில் விறகடுப்பும் ஊதாங்குழலும் திரும்பி வந்துவிடும். கோபர் கேஸ் சுத்த மோசம் என்ற பேர் மட்டும் ஊர் முழுக்க நிற்கும்.

தீனபந்து மாதிரி என்பது மண்ணுக்குள் செங்கல், சிமெண்டில் எழுப்பும் குவிமாடம். கட்டியபின் சின்னதாக்க வழியே கிடையாது. வேலந்தாவளம் பக்கம் ஒரு வீட்டில் அப்படி வீணான தொட்டியின் மேல் தேங்காய் காயவைக்கிறார்கள். பெரிய தொட்டி என்றால் மானியமும் கூடுதல், மேஸ்திரிக்குக் கூலியும் கூடுதல். அதனால் சின்னது போதும் என்று யாரும் வாய் திறப்பதில்லை.

நீங்கள் திறவுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் சாணியை வாளியோடு தராசில் வையுங்கள். 25 கிலோ தேறினால் ஒரு கன மீட்டர் கட்டலாம். கோடையில் தீவன விலை ஏறினால் மாட்டை விற்கும் வீடா என்றும் கேளுங்கள். சாணி தேறாத வீட்டில், சிலிண்டரே போதும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

சிலிண்டர் அடுப்பையே மாட்டுவது

அதன் துளை சின்னது. சாண வாயுவுக்கு அழுத்தமும் குறைவு, சூடும் குறைவு. அதற்கென்று உள்ள பர்னரை வாங்குங்கள்.

ஃபினாயில் தண்ணீர்

கட்டுத்தரை கழுவியதைத் தொட்டிக்குள் விடாதீர்கள். வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

தொய்ந்த குழாய்

வாயுவோடு ஈரமும் வரும். தொய்வில் தண்ணீர் தேங்கினால் சுடர் துள்ளும். குழாயைச் சரிவாகப் போட்டு, தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு வழி வையுங்கள்.

ஆடிக்காற்று

பாலக்காட்டுக் கணவாய்க்குள் வீசும் காற்று இந்த மெல்லிய சுடரை அணைத்துவிடும். அணைந்தது தெரியாமல் வாயு வந்துகொண்டே இருக்கும். அடுப்பு ஜன்னலுக்கு நேரே வேண்டாம். அதற்காக ஜன்னலை அடைத்தும் விடாதீர்கள், வெளியூர்க்காரர்கள் சிலர் அந்த வேலையையும் செய்கிறார்கள்.

முதல் வாயு

தீப்பற்றாது. காற்று கலந்திருக்கும் என்பதால் ஆபத்தும் கூட. நெருப்பு பக்கத்தில் இல்லாமல் திறந்துவிட்டு, அடுத்து சேருவதைப் பற்றவையுங்கள்.