ஏணியைப் பிள்ளைகளிடம் விடுங்கள்: முதுமையில் ரொறன்ரோக் குளிர்காலத்துக்கு ஆயத்தமாதல்

ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை வரும் நன்றியறிதல் நாளை ஒட்டிய நீண்ட வார இறுதியில் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டுக்கு வந்து நிற்பார்கள் என்பதால், ரொறன்ரோப் பகுதியில் குளிர்கால வேலைகளைத் தொடங்க அதைவிட நல்ல தருணம் இல்லை. எழுபதைத் தாண்டியவர்கள் எந்த வேலையைத் தாம் செய்வது, எதைப் பிறரிடம் விடுவது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். என் கணக்கு எளிது: இரு கால்களும் தரையில் இருக்கச் செய்யக்கூடியவை எனக்கு, ஏணி ஏறுவதும் பாரம் தூக்குவதும் மற்றவர்களுக்கு. கூரைப் பீலியில் இலை அடைந்தால் உருகிய நீர் வழியின்றித் தேங்கி, ஓரத்தில் ஐஸாகக் கட்டி, கூரைக்குள்ளேயே இறங்கும். அதனால் அது தவிர்க்க முடியாத வேலைதான். ஆனால் நாம் ஏறிச் செய்ய வேண்டிய வேலை அல்ல. மரங்கள் இலை கொட்டி முடித்த பிறகு, நவம்பர் நடுப்பகுதியில், கூலிக்கு ஆள் பிடித்துச் செய்விப்பது இடுப்பு முறிவதைவிட மலிவு.

வெப்பமூட்டும் ஃபேர்னஸை உரிமம் பெற்ற தொழில்நுட்பவியலாளர் ஒருவர் ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். ஃபில்ரரை மாற்றுவதை நாமே செய்யலாம். சுவரின் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வெள்ளைக் குழாய்கள் பனியால் மூடப்பட்டால் இயந்திரம் நின்றுவிடும், அல்லது நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பும். ஆகவே அவற்றின் முன்னால் செடியோ பெட்டியோ இருக்கக் கூடாது. நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்தள்ளும்போதே, புகை, காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவிகளின் பற்றரிகளையும் மாற்றிவிட்டால் மறக்காது. இந்தப் பருவத்தில் கதவைத் தட்டி, "உங்கள் ஃபேர்னஸ் பழையது, உடனே மாற்ற வேண்டும்" என்று கையெழுத்துக் கேட்பவர்களும் வருவார்கள். நாம் அழைக்காமல் வீட்டு வாசலில் வைத்து இத்தகைய ஒப்பந்தம் செய்வதை ஒன்ராறியோ 2018 மார்ச் முதலே தடைசெய்துள்ளது என்பதை நினைவில் வைத்துக் கதவைச் சாத்திவிடலாம்.

வெளிச்சுவரில் இருக்கும் தோட்டக் குழாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் பாடம் படித்தவன். ஓர் ஆண்டு, ஹோஸைக் கழற்றாமலே விட்டுவிட்டேன். குளிர்காலம் முழுவதும் எந்தக் குறையும் தெரியவில்லை. மே மாதம் குழாயைத் திறந்து கத்தரிக் கன்றுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தபோது, நிலக்கீழ் அறையின் கம்பளம் நனைந்திருப்பதாக மனைவி கூப்பிட்டார். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் விரிகிறது. ஹோஸ் பூட்டியிருந்ததால் குழாயில் அடைபட்ட நீர் ஜனவரியில் உறைந்து சுவருக்குள் செம்புக் குழாயைப் பிளந்திருக்கிறது, கசிவு மட்டும் வசந்தத்தில் வெளிப்பட்டிருக்கிறது. செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை: ஹோஸைக் கழற்றுங்கள், நிலக்கீழ் அறையில் அந்தக் குழாய்க்கென இருக்கும் அடைப்பானைப் பூட்டுங்கள், பிறகு வெளியே சென்று குழாயைத் திறந்து, எஞ்சிய நீர் வடிந்த பின் திறந்தபடியே விடுங்கள். அடைப்பானில் ஒரு துண்டு சிவப்பு நூல் கட்டி வைத்தால் அடுத்த ஆண்டு தேட வேண்டியிராது.

பனி அள்ளுவதற்கான ஒப்பந்தத்தை ஒக்டோபரிலேயே பேசி முடிப்பது நல்லது. முதற் பனி கொட்டிய பிறகு ஆள் கிடைப்பது அரிது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் வேளையில் ஈரப்பனியைத் தூக்கி வீசுவது இதயத்துக்குப் பெருஞ்சுமை. நெஞ்சுவலி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பனி அள்ளும் சவலைக் கையில் எடுக்கவே வேண்டாம். மெல்லிய பனியைத் தள்ளலாம், தூக்கக் கூடாது. வாசற்படியில் தூவும் சாதாரண உப்பு, −10 பாகைக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. அந்நாட்களில் கல்சியம் குளோரைட்டு அல்லது வழுக்காதிருக்க மணல் உதவும். உப்பு வாளியைக் கராஜில் அல்ல, கதவுக்கு உள்ளே, கை எட்டும் இடத்தில் வையுங்கள். வழுக்கும் படியைக் கடந்துபோய் உப்பு எடுத்து வருவதில் என்ன பயன்?

தோட்டத்தில் உள்ளியை (பூண்டை) தவிர மற்றதெல்லாம் பிடுங்கி ஒதுக்கும் வேலைதான். உள்ளிப் பற்களை ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் முடிவுக்கும் இடையில், கூர்முனை மேலே இருக்க, 5 சென்றிமீற்றர் ஆழத்தில், 15 சென்றிமீற்றர் இடைவெளியில் ஊன்றி, வைக்கோலால் மூடிவிட்டால் ஜூலையில் கிண்டலாம். மண்சட்டிகளை வெறுமையாக்கிக் கவிழ்த்து உள்ளே வையுங்கள்; ஈரமண்ணோடு வெளியே விட்டால் வெடித்துவிடும்.

கறிவேப்பிலை, மல்லிகைச் சாடிகளை இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்குமுன் உள்ளே எடுக்க வேண்டும். இலையின் அடிப்புறத்தையும் தண்டின் கவட்டையும் நன்றாகப் பாருங்கள். பழுப்புப் பொட்டாக ஒட்டியிருப்பது செதிற்பூச்சி, அதை நகத்தால் சுரண்டிச் சவர்க்கார நீரால் துடைத்த பிறகே உள்ளே வரட்டும். தெற்கு ஜன்னலடியில், சில்லுப் பூட்டிய தட்டின்மேல் வைத்தால் சாடியைத் தூக்க வேண்டியதில்லை. டிசம்பரில் இலை உதிர்வதைக் கண்டு பதறித் தண்ணீரைக் கூட்டுவதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. வெளிச்சம் குறைந்த அந்த மாதங்களில் செடி உறங்குகிறது. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு நீர் விட்டால் போதும், உரம் வேண்டியதில்லை. மே மாத விக்ரோறியா நாள் கழிந்து, இரவுகளும் 10 பாகைக்கு மேலே நின்ற பிறகு, முதல் ஒரு வாரம் நிழலில் வைத்து, அதன் பின்னரே வெயிலுக்கு நகர்த்துங்கள்.