மைஎஸ்கியூஎல்: போர்ட் முதல் பயனர் அனுமதி வரை

உபுண்டு லினக்ஸில் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள சர்வரை நிறுவினேன். சர்வீஸ் எழவே இல்லை. பிழைப் பதிவைத் திறந்தால், மைஎஸ்கியூஎல் வழக்கமாகப் பயன்படுத்தும் 3306 போர்ட்டை வேறு எதுவோ பிடித்துவைத்திருப்பதாக இருந்தது. பழைய டாக்கர் கன்டெய்னர் ஒன்று. அதை நிறுத்தியதும் சர்வர் ஓடியது.

அப்புறம் வந்தது பிழை எண் 1698. ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கு எந்தக் கடவுச்சொல் கொடுத்தாலும் அனுமதி மறுப்புதான். உபுண்டுவில் ரூட் கணக்கு சாக்கெட் வழிச் சரிபார்ப்பில் இருக்கும். அது கடவுச்சொல்லையே கேட்டுப் பார்க்காது, லினக்ஸில் நீங்கள் எந்தப் பயனர் என்று மட்டும்தான் பார்க்கும். சூடோ போட்டு, அதாவது லினக்ஸின் ரூட்டாக, மைஎஸ்கியூஎல்லை அழைத்தால் பேசாமல் உள்ளே விட்டுவிடும். இந்த ஏற்பாட்டை மாற்றி ரூட்டுக்குக் கடவுச்சொல் வைக்கலாம்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. செயலிக்கென்று தனிப் பயனரை உருவாக்கி, அந்த ஒரு தரவுத்தளத்துக்கு மட்டும் உரிமை கொடுத்தேன்.

சரி, வேறு கணினியிலிருந்து இணைத்தால் பிழை 2003. இதற்கும் கடவுச்சொல்லுக்கும் சம்பந்தமில்லை, சர்வரையே எட்டவில்லை என்று பொருள். அமைப்புக் கோப்பில் பைண்ட் முகவரி, அதாவது சர்வர் இணைப்புகளை எதிர்பார்க்கும் முகவரி, 127.0.0.1 என்று இருந்தது; அப்படியிருந்தால் அதே கணினியிலிருந்து மட்டும்தான் இணைக்க முடியும். அதைச் சர்வரின் உள் நெட்வொர்க் முகவரிக்கு மாற்றி, ஃபயர்வாலில் அந்தக் கணினிக்கு மட்டும் வழிவிட்டேன். உடனே பிழை 1130 ஆனது. இது முன்னேற்றம்! சர்வர் பதில் சொல்கிறது, அந்த ஐபியிலிருந்து வர யாருக்கும் அனுமதி இல்லை என்கிறது. மைஎஸ்கியூஎல்லில் பயனர் பெயரும் வரும் இடமும் சேர்ந்துதான் ஒரு கணக்கு. லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது சர்வர் ஓடும் அதே கணினிக்கு, உருவாக்கிய பயனர் வெளியிலிருந்து வர முடியாது. அதே பெயரில் அந்த ஐபிக்கு இன்னொரு கணக்கு உருவாக்கி உரிமை கொடுத்ததும் இணைப்பு கிடைத்தது.