இலத்தீன் வினையை வாறன், வாறாய் வழியாகப் பிடித்தல்

இலத்தீனை ஆங்கில மூளையோடு படிக்கத் தொடங்குவதுதான் முதல் பிழை. ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் 'நான்', 'அவன்' என்று ஒரு சொல் நிற்கவேணும். அந்தப் பழக்கத்தில் எல்லா இடமும் 'எகோ (நான்) அமோ' என்று எழுதுவார்கள். 'அமோ' என்றாலே 'நேசிக்கிறேன்'. வாறன், வாறாய், வாறம் என்றால் ஆள் ஆரென்று விகுதி சொல்லிவிடுகிறதல்லவா, அதே கணக்குத்தான்.

பாடமாக்க வேண்டியவை ஆறு விகுதிகள்: ஓ, ஸ், த், முஸ், திஸ், ந்த். அமோ, அமாஸ், அமத், அமாமுஸ், அமாதிஸ், அமந்த். கடைசி எழுத்து த், ந்த் ஆனால் 'மா' குறுகி 'ம' ஆகும். 'அமத்' நேசிக்கிறான், நேசிக்கிறாள், நேசிக்கிறது மூன்றுக்கும் பொது. மரியாதைப் பன்மையும் இல்லை. புனிதரைப் பார்த்துக் கேட்கும் 'ஓரா ப்ரோ நோபிஸ்' ஒருமை ஏவல்தான். நாங்கள்தான் அதை 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்கிறோம். பெரியவர் ஒருவரோடு பேசுகிறோம் என்று 'திஸ்' போட்டால் பலரோடு பேசியதாகிவிடும்.

வினைகள் நான்கு வகை. 'நேசிக்க' என்பது போன்ற எச்ச வடிவத்தில்தான் வகை தெரியும்: அமாரெ, மொனேரெ (எச்சரிக்க), ரெகெரெ (ஆள), அவுதீரெ (கேட்க). இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிப்பது ஏ, எ என்ற நெடில் குறில் மட்டுமே. நெடிற்கோடு போடாத புத்தகத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எங்கள் எழுத்தில் அந்த வேறுபாடு உண்டு. ஆகவே கொப்பியில் உரோமன் எழுத்தில் எழுதி, பக்கத்தில் தமிழில் உச்சரிப்பைக் குறியுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் த, ப ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிக்கு நின்று குழப்பும்.

காலம் காட்டுவது இடைநிலை. செய்+த்+ஆய் என்று பகுபதம் பிரித்தவருக்கு அமா+பா+ஸ் (நேசித்துக்கொண்டிருந்தாய்) புதிதல்ல. தன்மை ஒருமையில் மட்டும் ஓவுக்குப் பதில் ம் வரும்: அமாபம். எதிர்காலத்தில்தான் பலர் விழுவார்கள். முதலிரு வகைக்கும் அமாபோ, அமாபிஸ், அமாபித். மூன்றாம் வகைக்கு ரெகம், ரெகேஸ், ரெகெத். 'மொனெத்' நிகழ்காலம், 'ரெகெத்' எதிர்காலம், 'ரெகித்' நிகழ்காலம். இரண்டாம் வகையின் பகுதியே ஏ-யில் முடிவதால் வரும் மயக்கம் இது. எச்ச வடிவம் தெரியாமல் காலம் சொல்ல முடியாது. வினையைத் தனியே பாடமாக்காமல் 'மொனெயோ, மொனேரெ' என்று சோடியாகவே பாடமாக்குங்கள்.

சொல்லொழுங்கு எங்களுக்கு வாய்த்த இடம். 'அக்ரிகொலா பீலியம் அமத்': கமக்காரன் மகளை நேசிக்கிறான். ம் இரண்டாம் வேற்றுமை. சொற்களை எப்படி மாற்றினாலும் பொருள் கெடாது, அழுத்தம் மட்டும் நகரும். தமிழ் காலைவாரும் இடங்களும் உண்டு. 'இல்லை' கடைசியில் வராது. 'நோன்' வினைக்கு முன்னால்: நோன் அமத். 'தோட்டத்தில்' என்பதன் 'இல்' முன்னே போகும்: இன் ஹொர்தோ. 'மேகும்' போன்றவை விதிவிலக்கு. 'ஓடு' என்னும் 'கும்' பின்னால் ஒட்டி, அப்படியே 'என்னோடு'.

நாளுக்கு ஒரு வினை, ஆறு வடிவம், மூன்று காலம். மேலிருந்து கீழே ஒப்புவிக்காமல் இடையில் ஒன்றைத் தொட்டு ஆள், காலம், வகை மூன்றையும் சொல்லிப் பாருங்கள்.