கம்ப்யூட்டரில் சத்தம் பொரிந்தால்

வேலூர் சத்துவாச்சாரியில் மொட்டை மாடியில் எனக்கு ஒரு ரூம். பத்துக்குப் பத்து, மேலே தகரம். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் ஒன்று, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, மைக் மூன்று. காய்கறி வண்டிக்காரர்களுக்கு ‘இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கா’ என்று கூவி, பென் டிரைவில் போட்டுத் தருவது தினப்படி வேலை. சீசனில் கூத்துக்காரர்களும் வருவார்கள்.

அப்படித்தான் ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு கூத்து ஜமா வந்தது. முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் வைத்து நாற்பது நிமிஷம் ஒரே மூச்சில் பதிவு செய்தோம். போட்டுக் கேட்டால் பாட்டு முழுக்கக் கடுகு பொரிகிறது. வாத்தியார் ஹெட்ஃபோனைக் கழற்றி, “என்ன தம்பி, உள்ள யாராவது தாளிக்கறாங்களா?” என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று நான் செய்த தப்பு, கையில் கிடைத்த செட்டிங்கை எல்லாம் மாற்றியது. நீங்கள் முதலில் ஒன்றைப் பாருங்கள்: பொரிகிற சத்தம் ஃபைலுக்குள் இருக்கிறதா, இல்லை கேட்கும்போது மட்டும் வருகிறதா? ஃபைலை போனில் போட்டுக் கேட்டாலே தெரிந்துவிடும். போனிலும் பொரிந்தால் பதிவிலேயே விழுந்துவிட்டது, அதைத் திருத்துவது பெரும்பாடு. போனில் சுத்தமாக இருந்தால் கம்ப்யூட்டர் ஒலிபரப்பும்போதுதான் தடுமாறுகிறது.

அடுத்து, ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ஒலி கோடாகத் தெரியுமே, அந்த அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சி வெட்டிய இளநீர் மாதிரி மேலே தட்டையாக இருந்தால் மைக் கெயின் அதிகம், குறைத்தால் சரி. ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று அறுந்து வேறு இடத்தில் தொடங்கினால் அது பஃபர் கோளாறு. ‘உம்ம்ம்’ என்று விடாமல் வருவது எர்த் சமாச்சாரம். அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இந்தக் கட்டுரை உதவாது.

பஃபர் என்பது சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் இடம், வீட்டு மேல்தொட்டி மாதிரி. தொட்டி சின்னதாக இருந்தால், மோட்டார் போடக் கொஞ்சம் தாமதமானாலும் குழாயில் காற்றுதான் வரும். அந்தக் காற்றுதான் நமக்குப் பொரிகிற சத்தமாகக் கேட்கிறது. இதற்கு எக்ஸ்ரன் என்று பெயர். தொட்டி பெரிதானால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சத்தம் தாமதமாக வரும். ஒலியைக் கம்ப்யூட்டர் சாம்பிள் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 48,000 சாம்பிள் ஓட்டத்தில் 64 சாம்பிள் என்று பஃபர் வைத்தால் 1.3 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.3, 1024 என்றால் 21.3. காற்றில் ஒலி 21 மில்லிசெகண்டில் ஏறக்குறைய ஏழு மீட்டர் போகும். பாட்டுக் கேட்கிறவருக்கு அது பொருட்டே இல்லை. தன் குரலை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பாடுகிறவருக்கு நெருடும்.

என்னுடையது லினக்ஸ். ஃபெடோரா 34 முதலும் உபுண்டு 22.10 முதலும் ஆடியோ சர்வராக, அதாவது எல்லாப் புரோகிராம்களின் சத்தத்தையும் கவனிக்கும் மேஸ்திரியாக, பைப்வயர்தான் வருகிறது. கமாண்ட் அடிக்கும் டெர்மினலைத் திறந்து ‘பிடபிள்யூ-டாப்’ (pw-top) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஒரு பட்டியல் ஓடும். அதில் ‘குவான்ட்’ என்ற பத்தி பஃபர் அளவு, கடைசிப் பக்கம் வரும் ‘ஈஆர்ஆர்’ என்ற பத்தி எத்தனை முறை தடுமாறியது என்ற கணக்கு. பொரியும்போதெல்லாம் அந்த எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் திருடன் அகப்பட்டான். ஏறவில்லை என்றால் ஒயர், ஜாக், ஸ்பீக்கர் பக்கம் போங்கள்.

என் பட்டியலில் குவான்ட் 64 என்று இருந்தது. நான் வைக்கவே இல்லையே என்று மேலே கீழே தேடினேன். முந்தின வாரம் கிடார் வாசிக்க வந்த பையனுக்காகத் திறந்த எஃபெக்ட் சாஃப்ட்வேர், மினிமைஸ் செய்தபடி பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பைப்வயரின் குணம் இது: சேர்ந்து ஓடும் புரோகிராம்களில் யார் ஆகச் சின்ன பஃபர் கேட்கிறார்களோ, அந்த அளவுதான் எல்லோருக்கும். பந்தியில் ஒருவர் அவசரப்பட்டால் எல்லோரும் வேகமாகச் சாப்பிட வேண்டியதுதான். அதை மூடினேன், பொரிவது பாதிக்கு மேல் குறைந்தது.

மூட முடியாத புரோகிராம் என்றால் அளவை நாமே கட்டிப்போடலாம். ‘பிடபிள்யூ-மெட்டாடேட்டா’ கமாண்டில், ‘மைனஸ் என் செட்டிங்ஸ் 0 கிளாக்.ஃபோர்ஸ்-குவாண்டம் 1024’ (pw-metadata -n settings 0 clock.force-quantum 1024) என்று கொடுத்தால் உடனே மாறும். 1024-க்குப் பதில் 0 கொடுத்தால் பழையபடி தானாகப் பார்த்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும், அதனால் தைரியமாகச் சோதிக்கலாம். 1024-இல் தொடங்கி 512, 256 என்று இறங்குங்கள். ஈஆர்ஆர் ஏறத் தொடங்கினால் ஒரு படி மேலே வந்து நில்லுங்கள். பாடகருக்குத் தாமதம் நெருடினால் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும், பஃபரைப் பெரிதாகவே விட்டுவிடலாம். இந்தப் பொத்தானை நான் இரண்டு வருஷம் தொடவே இல்லை.

மிச்சம் பாதிக்குக் காரணம் நம்ம ஊர் வெயில். காலையில் ஒன்றுமில்லை, மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் பொரிந்தது. மே மாதம், தகரக் கூரை; பிராசசர் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கேபினெட்டைத் திறந்தால் ஃபேனில் பஞ்சு மாதிரித் தூசி. பிரஷ்ஷால் துடைத்து, பிராசசர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாக வைத்து, பவர் மோடை பெர்ஃபார்மன்ஸ் என்று மாற்றினேன். இன்டர்ஃபேஸையும் யூஎஸ்பி ஹப்பிலிருந்து பிடுங்கி, கேபினெட்டின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகினேன்.

விண்டோஸ்காரர்கள் ஏஎஸ்ஐஓ என்ற ஆடியோ டிரைவரின் கன்ட்ரோல் பேனலில் பஃபரை மாற்றலாம். லேட்டன்சிமான் என்ற இலவச புரோகிராம் எந்த டிரைவர் குறுக்கே நிற்கிறது என்று காட்டும். வைஃபையை அணைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. பாட்டு தொடங்கும்போது மட்டும் ‘டப்’ என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் அது பஃபர் அல்ல. சும்மா இருக்கும்போது சவுண்ட் கார்டு தூங்கி எழுவது. பவர் சேவிங்கை நிறுத்தினால் போகும்.

ஜமாவை மறுபடி வரச் சொன்னேன், சாயங்காலம் ஆறு மணிக்கு. குவான்ட் 512, நாற்பது நிமிஷமும் ஈஆர்ஆர் பூஜ்யத்திலேயே நின்றது. இந்த முறை வாத்தியாருக்கு ஒரே குறைதான்: மைக்கில் விழும் என்று ரூம் ஃபேனை நிறுத்திவிட்டேனாம்.